சொல் வரும் முன்னே பல் வருகிறது

அன்புள்ள மருமகளே,

"பையன் கடிச்சு, பக்கத்து வீட்டுப் பாப்பா கையில பல்லு பதிஞ்சிருச்சு அத்தை, நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. சேலம் அம்மாபேட்டை அங்கன்வாடியில் 22 வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன்: 1 வயசிலிருந்து 3 வயசுக்குள் கடிப்பது சகஜம். வாயில் சொல் கூடியிருக்காது, கோபம் மட்டும் முழுசாக வந்துவிடும். உன் மகனுக்கு இரண்டே கால் வயசு, பின்கடைவாய்ப் பல் முளைக்கிற பருவமும் இதுதான். சுத்தமான துணியை நனைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடு.

யார் சொன்னாலும் திருப்பிக் கடிக்காதே. என் மூத்தவனை நான் அப்படிக் கடித்தேன். துடித்துப் போனான். மறுநாளே தங்கையைக் கடித்தான். பெரியவங்க சின்னவங்களைக் கடிக்கலாம் போல என்றுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. இன்றும் அது என்னை உறுத்துகிறது. "கன்னத்தைக் கடிச்சிருவேன்" என்று தாத்தா கொஞ்சுவதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்.

அவன் கடித்ததாக நீ சொன்ன மூன்று தடவையும் மணி 11 தாண்டிய பசி நேரம், மூன்று தடவையும் சைக்கிள் சண்டை. கவனித்தாயா? கடிக்கும் முன் அவன் தாடை இறுகும். அந்த நொடியில் குனிந்து உன் கையை நடுவில் வை. "சைக்கிள் வேணுமா? 'தா'ன்னு கேளு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டு. பிடிக்காததற்கு "வேண்டாம்" என்று கையை நீட்டட்டும். கோபம் வந்தால் "கோவம்!" என்று சொல்லித் தரையை மிதிக்கட்டும். இதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விளையாட்டாகப் பழக்கு. அழுகிற பிள்ளைக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

மீறிக் கடித்துவிட்டால், கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்கு. சோப்புப் போட்டுக் கழுவு, தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டணும். பிறகு அவனிடம் "கடிச்சா வலிக்கும், கடிக்கக் கூடாது" என்று ஒரே வரி. அதோடு விடு. "கடிக்கிற பய" என்று மட்டும் யாரையும் கூப்பிட விடாதே. 3 வயசு தாண்டியும் ஓயவில்லை, பேச்சும் கூடவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் போ, காதையும் பார்க்கச் சொல்.

பிள்ளைகளுக்குள் சண்டை வராமலிருக்க, இங்கே முதல் அக்ரகாரம் கடைத்தெருவில் ஒரே நிறத்தில் இரண்டு பந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்காடு வருகிறேன். நான் வரும்வரை, 11 மணிக்குள் அவனுக்கு ரெண்டு இட்லியாவது ஊட்டிவிடு.

அன்புடன்,
அத்தை