மடிந்த இலையைக் கிள்ளும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தரிச் செடியில் மடிந்த இலையைக் கண்டால் இலைச்சுருட்டுப் புழு என்று அறிந்து கிள்ளி எறியுங்கள் என உங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில் எழுதியிருந்தார்கள். நல்ல யோசனைதான். கிள்ளும் முன் இலையின் விளிம்பைப் பார்க்கவும் சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் எங்கள் புறக்கடையில் நானும் கிள்ளத்தான் கை நீட்டினேன். இடுப்பளவுச் செடி. இரண்டு இலைகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து கூம்பாக நின்றன. விளிம்பு நெடுகச் சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு முடிச்சுப் போலப் பிதுங்கியிருந்தது. புழு இலையைச் சுருட்டி ஒட்டும். இப்படித் துளையிட்டுத் தைக்காது. எட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மெத்தையில் மூன்று முட்டைகள்.

கதிர்க்குருவி என்றான் அண்ணன் மகன். சாம்பல் கதிர்க்குருவியும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் என்பதால் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும். இவை வெளிர்நீலம், மேலே செம்பழுப்புப் புள்ளிகள். மாலையில் தாய்ப்பறவை வந்ததும் ஐயம் தீர்ந்தது. துருநிற உச்சந்தலை, இலைப்பச்சை முதுகு, நிமிர்த்திய வால். தையல்சிட்டு! கட்டைவிரல் பருமன் உடம்புதான். கூவினால் தெருமுனை வரை கேட்கிறது.

பன்னிரண்டு நாள் போல அடைகாத்தது. குஞ்சுகள் வந்தபின் தாயும் தந்தையும் விடியலிலிருந்து அந்தி வரை ஓயவில்லை. அவை கொண்டுவந்ததில் பெரும்பகுதி எங்கள் பாத்தியிலிருந்தே எடுத்த பச்சைப் புழுக்கள். அத்தனை நாளும் நான் மருந்து அடிக்கவில்லை. அடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கிய வேளையில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கைபேசியில் படமெடுக்க மேலே மறைத்திருந்த இலையை ஒடித்து விலக்கிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். மறுநாள் காலை செம்போத்து ஒன்று செடியிலிருந்து எழும்பிப் போனது. கூட்டில் எதுவும் இல்லை. அந்த இணை இரண்டு நாள் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியதை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த ஆண்டு செம்பருத்தியில் மறுபடி அந்தக் குரல் கேட்கிறது. மழைக்காலம் முழுக்க இவை கூடு கட்டும். ஆகவே தையல் உள்ள இலையைக் கிள்ளாதீர்கள், படமெடுக்க விலக்காதீர்கள் என்று அடுத்த வாரமே அதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகி,
தென்காசி