கால் தரையில் பட வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. ஐந்தாம் வகுப்பைக் கீழே இறக்கிவிட்டு எட்டாம் வகுப்பை ஏன் மாடிக்கு அனுப்பினீர்கள் என்பது ஒன்று. ஒரே ஒரு பிள்ளைக்குத் தனியாக மேசை நாற்காலி எதற்கு, மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்பது இன்னொன்று. அன்று நேரமாகிவிட்டதால் "பிறகு சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். கேட்டது நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருத்தி படிக்கிறாள். அவளுடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் படிப்பு வராது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இவளுக்குச் சிக்கல், தசைகளுக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையில். வாய்ப்பாட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே மடக்கிவிடுவாள்.

ஆனால் எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் போகாது. நோட்டு நழுவும். எழுத்து ஏறி இறங்கும். அரை மணி நேரத்தில் தலை மேசையில் சாய்ந்துவிடும். சோம்பல் என்று வகுப்பாசிரியர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வட்டார வள மையத்திலிருந்து இயன்முறை மருத்துவர் ஒரு வியாழக்கிழமை வந்தார். எழுதுகிற கையை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பெஞ்சு 16 அங்குல உயரம். அவளுக்கு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 12 அங்குலம். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கால் ஊன்றாவிட்டால் இடுப்பு முன்னால் வழுக்கும். விழாமல் இருக்க இடது கையால் பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். மிச்சம் ஒரு கை. நோட்டைப் பிடிக்கவும் அதுதான், எழுதவும் அதுதான். "பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் லீவ் லெட்டர் எழுதிப் பாருங்கள் சார்" என்றார் அவர்.

சத்துணவு அறைக்குப் பின்னால் கிடந்த உடைந்த பெஞ்சிலிருந்து பலகையை எடுத்து, 4 அங்குல உயரத்தில் ஒரு கால்பலகை அடித்து அவள் காலடியில் வைத்தோம். இரண்டு பாதமும் அதில் பதிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த இடது கை மெதுவாகப் பெஞ்சை விட்டது. மேலே வந்து நோட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. வகுப்பாசிரியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். செலவு, அரைப் பிடி ஆணி.

தனி மேசை நாற்காலி அதற்குப் பிறகு வந்தது. அதில் பார்க்கப் புதிதாக இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. உட்காரும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தசை இறுக்கத்தால் அவளுடைய கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். இருக்கையின் நடுவில் உள்ள முட்டு அதைத் தடுக்கிறது. மேசை விளிம்பை அரைவட்டமாக வெட்டியிருப்பது உடம்பு உள்ளே போய், இரண்டு முழங்கையும் பலகையில் ஊன்றுவதற்காக. நோட்டு நழுவாமலிருக்க அடியில் ரப்பர் வலை விரிப்பு. பென்சிலில் சுற்றியிருப்பது பழைய சைக்கிள் டியூப். பிடி தடிமனாக இருந்தால் விரல்களுக்குக் குறைந்த பலம் போதும். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதம் உள்ள தன் மனைவி தோல் சீவ முடியாமல் திண்டாடுவதைப் பார்த்துத்தான் தடித்த ரப்பர் பிடி போட்ட சமையலறைச் சாமான்களை 1990-ல் கடைக்குக் கொண்டுவந்தார். கை நன்றாக இருப்பவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். நம் வகுப்பிலும் இப்போது டியூப் சுற்றிய பென்சில்தான் ஃபேஷன். யார் வீட்டு சைக்கிளிலாவது டியூப் குறைந்திருந்தால் காரணம் இதுதான்.

சரி, மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? இந்தக் கேள்வி என்னையும் உறுத்தியது. டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் எல்லாருக்கும் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தேன். பாதிப் பேருக்கு மேல் கால் தரையில் படவில்லை. பெரிய வகுப்புக்குச் செய்த பெஞ்சுகளைச் சின்ன வகுப்பில் போட்டிருக்கிறோம். ஓயாமல் நெளிகிறான், காலை ஆட்டுகிறான் என்று புகார் எழுதினோமே, அதில் எத்தனை புகார் பெஞ்சின் மேல் எழுதியிருக்க வேண்டியதோ! உடம்பில் குறையில்லாத பிள்ளை நெளிந்து, மண்டி போட்டு எப்படியோ சமாளித்துவிடுகிறது. சமாளிக்க முடியாத ஒருத்தி வந்ததால் நமக்குத் தெரிந்தது.

சக்கர நாற்காலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் எல்லாரும் பிள்ளைக்குச் சீருடையை இரண்டு வருஷத்துக்கு வருகிற மாதிரி தொளதொளவென்றுதான் தைப்போம். சக்கர நாற்காலியிலும் அதையே செய்துவிடுகிறோம். "வளர்கிற பிள்ளைதானே, பெரிசாகவே இருக்கட்டும்." நாற்காலி அகலமாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சாயும். நாளடைவில் முதுகெலும்பும் அந்தப் பக்கமே வளையும் அபாயம் உண்டு. கை சக்கரத்துக்கு எட்டாது, அதனால் எப்போதும் யாராவது தள்ள வேண்டும். ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் மடக்கு நாற்காலி அமெரிக்காவில் 1933-ல் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இரு பொறியாளர்கள் செய்த வடிவத்தின் வழியில் வந்தது. சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போன எவரெஸ்ட், காரில் எடுத்துப்போக வசதியாக மடங்க வேண்டும் என்று விரும்பினார். மடங்குவதற்காகவே அதன் இருக்கை துணியால் ஆனது. கொஞ்ச நாளில் அது தூளி மாதிரி தொய்ந்துவிடும். நம் ஏழாம் வகுப்பு மாணவனின் நாற்காலியும் அப்படித்தான் தொய்ந்திருந்தது. அளவாக ஒரு பலகையும் அதன் மேல் மெத்தையும் போட்டதும் தோள் நிமிர்ந்துவிட்டது. உட்காருபவரின் அளவெடுத்துச் செய்யும் நாற்காலிகளும் இப்போது உண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை அந்த வகை. மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் போகும்போது "அளவெடுத்துத் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பள்ளிக் கட்டடமும் வசதிகளும் அந்தப் பிள்ளைகள் புழங்கும்படி இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அடுத்து நான் சொதப்பிய கதை. வாசலில் இரண்டு படி, மொத்தம் 14 அங்குலம். நானே மேஸ்திரியைக் கூப்பிட்டு, இருந்த இடத்துக்குள் 5 அடி நீளத்தில் சாய்தளம் போட்டேன். திறப்பு விழா மாதிரி சாக்லேட் கூடக் கொடுத்தோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஏறிப் பார்த்தான். பாதியில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நல்லவேளை, உடற்கல்வி ஆசிரியர் பின்னால் நின்றார். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் நமக்கு 14 அடி வேண்டும். இடித்துவிட்டு, சுவரை ஒட்டித் திருப்பி, இருபுறமும் கைப்பிடியுடன் மறுபடி கட்டினோம். இப்போது பேரனைக் கூப்பிட வருகிற பாட்டிகள் படியை விட்டுவிட்டு அதில்தான் வருகிறார்கள். சத்துணவு அரிசி மூட்டையும் அதில்தான் ஏறுகிறது.

கழிப்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஐந்தாம் வகுப்பு மாணவி மாலை வீட்டுக்குப் போகும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். போனால் உட்கார முடியாது, எழ முடியாது. வெஸ்டர்ன் கோப்பை, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ப்பாள், திருகாமல் தள்ளினால் திறக்கும் குழாய். இவ்வளவுதான் வேலை. இப்போது தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது.

படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பது பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்காக. நான்காம் வகுப்பில் இருக்கும் சாய்வுப் பலகையும் அப்படித்தான். புத்தகம் கண்ணருகே வந்துவிடுவதால் கழுத்தை ஒடித்துக் குனிய வேண்டாம். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பிள்ளைக்கு, நாற்காலியைத் தரையில் இழுக்கும் கிறீச்சென்ற சத்தம் ஆசிரியர் குரலோடு சேர்ந்தே பெரிதாகக் கேட்கும். அதனால் அந்த வகுப்பில் மட்டும் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டிருக்கிறோம்.

மாடி விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. போன வருஷம் வரை அந்த ஐந்தாம் வகுப்பு மாணவியை ஒரு அண்ணன் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். பத்து வயதுப் பெண் பிள்ளையை இனியும் அப்படித் தூக்குவது சரியில்லை, அவளுக்கும் அது பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 22 படியை ஒரே மூச்சில் ஓடி ஏறுகிறார்கள். மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று இப்போது அவர்கள் இறங்கவே மறுக்கிறார்கள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. தச்சு வேலை, வெல்டிங் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வாருங்கள். அளந்த கணக்கு என்னிடம் இருக்கிறது. 3, 4, 5 அங்குல உயரங்களில் கால்பலகைகள் செய்ய வேண்டும்; பலகை பள்ளியில் உண்டு, ரம்பமும் சுத்தியலும் கொண்டுவந்தால் போதும். வீட்டிலும் பிள்ளை எந்த உயரத்தில் உட்கார்ந்து எழுதுகிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கால் தொங்கினால் பழைய செங்கல் இரண்டைத் துணியில் சுற்றிக் காலடியில் வைக்கலாம். அப்புறம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை உதவி என்று நினைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ள வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கேட்டுவிட்டுத் தள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. மாலையில் பிள்ளைகளைக் கூப்பிட வருகிறவர்கள் சாய்தளத்தின் குறுக்கே பைக் நிறுத்துகிறீர்கள். இரண்டு நிமிஷம்தான் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அந்த இரண்டு நிமிஷம் சக்கர நாற்காலியில் வரும் ஏழாம் வகுப்பு மாணவன் உள்ளேயே காத்திருக்கிறான். சனிக்கிழமை வரும்போதும் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்