டூரிசம் பசங்க பிரெஞ்சை கூடிப் பேசிப் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தஞ்சாவூர்ல டூரிஸ்ட் கைடா இருக்கேன். நம்ம டெல்டா பக்கம் டூரிசம் டிகிரி படிக்கிற பசங்க பிரெஞ்சு, ஜெர்மன்னு ஒரு பேப்பர் எழுதி பாஸ் ஆயிடுறாங்க, ஆனா ட்ரெய்னிங்குக்கு பெரிய கோயிலுக்கு வந்து நிக்கிறப்ப பிரான்ஸ்காரங்க யாராவது "இந்த நந்தி ஒரே கல்லா?"ன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறாங்க. பசங்க மேல தப்பில்ல. கிளாஸ்ல பக்கத்துல இருக்கிறவங்களோட அந்த பாஷையில நாலு வார்த்தை பேச விட்டிருந்தாத்தானே பேச வரும், வெறும் இலக்கணத்தை மனப்பாடம் பண்ணி எழுதுனா எப்படி வரும்?

1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல எலியட் ஆரன்சன்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர், வேற வேற இனத்துப் பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து படிக்கணும்னு ஜிக்சா முறைய கொண்டுவந்தார், அதாவது பாடத்த துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது. அத நம்ம கோயில வச்சே செய்யலாம். நாலு பேர் ஒரு குரூப், ஒருத்தருக்கு விமானம், ஒருத்தருக்கு நந்தி, ஒருத்தருக்கு கல்வெட்டு, இன்னொருத்தருக்கு சோழர் ஓவியம். எல்லா குரூப்லயும் விமானம் எடுத்தவங்க முதல்ல தனியா கூடி பிரெஞ்சுல எப்படி சொல்றதுன்னு பேசி தயார் பண்ணிக்கணும் (அந்த நேரத்துல நடுவுல தமிழ் வந்தா வரட்டும்), அப்புறம் அவங்கவங்க குரூப்புக்குத் திரும்பி வந்து மத்த மூணு பேருக்கும் பிரெஞ்சுலயே சொல்லணும். அந்தத் துண்டு அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, அதனால தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து கடைசி பெஞ்சுல பேசாம இருக்கிற பொண்ணையும் மத்தவங்க கேட்டே ஆகணும், அவளும் சொல்லியே ஆகணும். எனக்கு இதுதான் பெரிய விஷயமா தெரியுது.

குரூப் அசைன்மென்ட்னு சொல்லி ஒருத்தர் எழுத மூணு பேர் பேர் மட்டும் சேர்த்துக்கிறாங்களே, அது இது இல்ல. மார்க் தனித்தனியாத்தான் போடணும்.

காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர், பிரெஞ்சு பேசுற பெரியவங்க அங்க இப்பவும் இருக்காங்க, பசங்கள நாலு நாலு பேரா அனுப்பி பேசிட்டு வரச் சொல்லலாம். ஜெர்மன் படிக்கிறவங்களுக்கு தரங்கம்பாடி இருக்கு, 1706ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்குன ஊர்.

அடுத்து சிலபஸ் மாத்துறப்ப யுனிவர்சிட்டிக்காரங்க இந்த பேப்பர்ல பாதி மார்க்கையாவது பேசுறதுக்கு ஒதுக்கணும், வைவாவ கோயில் வாசல்லயே வைக்கட்டும், கேள்வி கேக்க எங்கள மாதிரி கைடுங்கள கூப்பிட்டா கண்டிப்பா வர்றோம்.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலா வழிகாட்டி,
தஞ்சாவூர்