இடிப்பதைவிட நிறுத்துவது எளிது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விதிமீறிக் கட்டுவோர் மீதான புகார்களை உள்ளாட்சி மன்றங்கள் ஆறப்போட்டே பழுக்க வைக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும்போதே மனு கொடுத்தாலும், ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் கூரை ஏறிவிடுகிறது. அப்புறம் 'இவ்வளவு செலவு செய்துவிட்டார்களே' என்ற இரக்கம்! வெளிச்சமும் காற்றும் பறிபோன பக்கத்து வீட்டுக்காரர் மேல் அந்த இரக்கம் ஏன் வருவதில்லை?

இங்கிலாந்தில் அனுமதியில்லாத கட்டடம் 4 ஆண்டுகள் தாண்டிவிட்டால் பொதுவாக மன்றம் கைவைக்க முடியாது என்றிருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் கட்டி முடிக்கப்படுபவற்றுக்கு அது 10 ஆண்டுகள். நல்ல மாற்றம்தான். ஆனால் விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லி மன்றம் அனுப்பும் நோட்டீஸை எதிர்த்து உரிய நேரத்தில் மேல்முறையீடு செய்தால், தீர்ப்பு வரும்வரை அது அங்கும் செயலுக்கு வராது. மன்றம் நடவடிக்கை எடுப்பதற்கான கால அவகாசத்தை நீட்டினால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

சின்னப் பிழைக்கெல்லாம் இடிக்கச் சொல்லவில்லை. ஜன்னல் சற்றுத் தள்ளி அமைந்திருந்தால் திருத்திக்கொள்ளட்டும். வேலை நடக்கும்போதே நிறுத்த உத்தரவிடுங்கள். புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கொடுத்தவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். அதற்குப் போதுமான ஆய்வாளர்களை முதலில் நியமியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்