ஊர் சுற்றப் பட்டம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். அந்தப் புது மேலாளரைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்து மாளவில்லை. அப்புறம், "ஊர் சுற்றுவதற்குக்கூடப் பட்டம் தருகிறார்களா?" என்று கேட்டிருந்தாயே, தருகிறார்கள். சுற்றுவது கொஞ்சம், புள்ளியியல்தான் நிறைய.

நான் படிக்கிற இயற்கைச் சுற்றுலாப் படிப்பு என்றதும் பறவை, விலங்கு, மரம் என்று பாடம் ஓடும் என நினைப்பாய். அவையும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் மனிதர்களைப் பற்றித்தான் படிக்கிறோம்: எங்கே கூடி நிற்பார்கள், எங்கே குறுக்கு வழி தேடுவார்கள், எந்த அறிவிப்பைக் கண்டும் காணாமல் போவார்கள்.

போன மாதம் களப்பணிக்காக ஒரு காட்டுப் பாதையை அளந்தோம். பாதைக்குக் குறுக்கே இரண்டு முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து மண் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று இடம் விட்டு இடம் அளந்து குறிக்க வேண்டும். கல் படி போட்ட சரிவில் பாதை ஒடுக்கமாகவே இருந்தது. கொஞ்சம் கீழே, தண்ணீர் தேங்கும் இடத்தில், அதைப்போல மூன்று மடங்கு அகலம். ஷூ நனையக் கூடாதென்று எல்லோரும் சேற்றை ஒதுக்கி ஓரமாகப் போகிறார்கள். ஓரத்துச் செடி மிதிபட்டுச் சாகிறது, ஓரமும் சேறாகிறது. அடுத்து வருகிறவர் இன்னும் தள்ளிப் போகிறார். அங்கே வேண்டியது தண்ணீர் வடிய ஒரு வாய்க்காலும் கால் வைக்க நாலு கல்லும்தான். கூட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சேறு அப்படியேதான் கிடக்கும்.

இதையே பல காலமாக ஆய்வாளர்களும் சொல்லி வருகிறார்கள். யாரும் மிதிக்காத நிலத்தில் முதலில் நடக்கிற சிலராலேயே சேதத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே தேய்ந்த பாதையில் இன்னும் நூறு பேர் நடந்தாலும் அவ்வளவாக மாற்றம் தெரியாது. அதனால் "யாருக்கும் தெரியாத இடம்" என்று தேடிப் போகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு லேசான எரிச்சல்.

முன்பெல்லாம் ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் சிலர் கேள்வியையே மாற்றினார்கள்: இந்த இடம் எந்த நிலையில் இருக்க வேண்டும், எவ்வளவு மாற்றம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? அதை முதலில் முடிவு செய். எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது என்று அப்புறம் பார். எனக்கு இந்தப் படிப்பிலேயே மிகப் பிடித்தது இதுதான்.

அதற்காக எண்ணிக்கை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ருவாண்டாவில் மலைக் கொரில்லாக் கூட்டம் ஒன்றைப் பார்க்க நாளுக்கு 8 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். மனிதரின் சளி, இருமல் அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். 2017-இல் வெளிநாட்டவருக்கான கட்டணத்தை 1,500 டாலராக்கினார்கள். சுற்றுலா வருவாயில் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகும் பங்கையும் 5 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்தினார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் கூட்டமும் படகு நங்கூரங்களும் சேர்ந்து பவளப்பாறைகளை உடைத்துப்போட, 2018-இல் மொத்தமாக மூடிவிட்டார்கள். சுறாக்கள் திரும்பி வந்தன. 2022-இல் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரக் கூடாது, தீவின் பின்பக்கமாகத்தான் வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, ஆனால் படகை வெளியே நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. உலகப் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருவது என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. காட்டுக்குள் பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுக்கிறோம், அந்தக் காட்டைப் பார்க்க ஆட்கள் பாதி உலகம் தாண்டி விமானத்தில் வருகிறார்கள். வகுப்பில் இந்தப் பேச்சு எடுத்தாலே சண்டைதான். பக்கத்தில் இருந்து வருகிறவர்களையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னொரு தரப்போ, தூரத்திலிருந்து வருகிறவர் பணம் நின்றுபோனால் காட்டைக் காக்க ஊர்க்காரர்களுக்கு என்ன ஆதாயம் என்று கேட்கிறது. அதுவும் சரியான கேள்விதான்.

உன் தம்பிக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று கேட்டிருந்தாயே. காட்டின் மேல் ஆசை மட்டும் இருந்தால் விலங்கியலோ தாவரவியலோ படிக்கச் சொல். கூட்டத்தில் நின்று சண்டை போடாமல் பேசவும், எக்செல் தாளோடு மல்லுக்கட்டவும் தயார் என்றால் தாராளமாகச் சேரட்டும். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை வாரம் என்று பார்த்துவிடச் சொல். சில இடங்களில் பேருக்குத்தான் இருக்கிறது. அவனுக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராக எனக்கே எழுதட்டும்.

அன்புடன்,
மீனா