முடிவுகள் தமிழிலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்ற கணிப்புக்கே பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு மையத்தில் 1997-ல் தொடங்கிய லோக்நீதி ஆய்வுப் பிரிவு, அதைவிட முக்கியமான ஒன்றையும் விசாரித்து வருகிறது: அரசு அமைப்புகளை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள்? ராணுவத்தின் மீது நம்பிக்கை அதிகம், கட்சிகள், போலீஸ் மீது குறைவு என்பதே திரும்பத் திரும்ப வரும் பதில். இதைப் பற்றித்தான் ஊர் ஊராகப் பேச வேண்டும்!

வீடு தேடி வந்து நம் மொழியில் கேட்கிறார்கள். அப்புறம் விரிவான அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளியாகிறது. பதில் சொன்னவருக்கே அது போய்ச் சேருவதில்லை. பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் மாவட்ட நூலகங்களுக்காவது தமிழ்ச் சுருக்கம் அனுப்ப வேண்டும். தங்கள் நாளிதழும் அந்த அட்டவணைகளைத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், கரூர்