ஓநாயை அறியும் கல்வி மேய்ச்சல் நிலத்தில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் 2024ஆம் ஆண்டு ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்ற செய்தி தமிழ் நாளிதழ்களிலும் தொடர்ந்து வெளிவந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரம் சொல்லி மாளாதது. ஆனால் அந்தப் பரபரப்பு அடங்கியதும் ஓநாயைப் பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது. தாக்குதல் நடக்கும்போது மட்டுமே அவ்விலங்கைப் பற்றிப் பேசினால், அடுத்த தாக்குதலைத் தடுக்கத் தேவையான அறிவு நமக்கு ஒருநாளும் கிட்டாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1996இல் அதே மாநிலத்தின் கிழக்கு மாவட்டங்களில் இதுபோலவே குழந்தைகள் பலியானபோது, ஓநாய் வேடமிட்ட மனிதர்களே காரணம் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த யாதவேந்திரதேவ் ஜாலாவும் தினேஷ்குமார் சர்மாவும் சம்பவங்கள் நடந்த இடங்களையும் நாட்களையும் தடயங்களையும் திரட்டி ஆராய்ந்து, ஒரே ஓநாயோ ஒரே கூட்டமோதான் இவற்றைச் செய்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கண்ணில் படும் ஓநாய்களையெல்லாம் கொல்வதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்காது, குறிப்பிட்ட விலங்கை அடையாளம் கண்டு விரைந்து அகற்றுவதே வழி என்பதை நமக்கு உணர்த்தியது இந்தக் கள ஆய்வுதான்.

இத்தகைய ஆய்வு எவ்வளவு பொறுமையைக் கேட்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. புல்வெளியில் கிடக்கும் ஓநாயின் மலத்தைச் சேகரித்து, உலர்த்தி, நீரில் அலசி, அதில் எஞ்சும் மயிரை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் மேற்புறச் செதில்களின் அமைப்பைக் கொண்டு அது வெளிமானுடையதா, ஆட்டினுடையதா, முயலினுடையதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டும். ஓநாய் எதைத் தின்று வாழ்கிறது என்பதற்கு ஊரார் சொல்லும் புகார்களைவிட உறுதியான சான்று இதுவே. குளிர்காலத்தில் குட்டிகள் பிறக்கும்போது தாய் விலங்கு மிரண்டு இடம் மாறிவிடாதபடி வளையைத் தொலைவிலிருந்தே கவனிப்பதும், ரேடியோ கழுத்துப்பட்டையின் துணையுடன் இரவெல்லாம் பின்தொடர்வதும் இந்தப் பணியின் பகுதிகள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் அருகே நான்னஜ் புல்வெளியில் வனவிலங்கு ஆய்வாளர் பிலால் ஹபீப் இவ்வாறுதான் ஓநாய்களை ஆராய்ந்தார்.

தீபகற்ப இந்தியாவின் ஓநாய், உலகில் இன்று எஞ்சியுள்ள ஓநாய் மரபுகளில் மிகத் தொன்மையான ஒன்று என்பதை 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3,000 மட்டுமே என மதிப்பிடப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் புலிக்கு நிகராக, மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. எனினும் புலிக்குக் காடு இருக்கிறது. ஓநாய் வாழும் புல்வெளிகளும் புதர்க்காடுகளுமோ அரசுப் பதிவேடுகளில் ‘தரிசு நிலம்’ என்றே குறிக்கப்படுகின்றன. அதனால் அங்கே சூரிய மின்நிலையம் அமைப்பதும் மரக்கன்று நடுவதும் வளர்ச்சிப் பணிகளாகவே எண்ணப்படுகின்றன.

சரணாலயம் அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் ஓநாய்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பாங்காபூர் பகுதியின் பரப்பு சுமார் 332 ஹெக்டேர், அதாவது மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதை வரவேற்கிறேன், ஆனால் ஓர் ஓநாய்க் கூட்டம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுற்றித் திரியக்கூடியது. ஆகவே அது பெரும்பாலான இரவுகளைக் கழிப்பது உழவர்களின் வயல்களிலும் ஆட்டுக் கிடைகளின் ஓரத்திலும்தான். அங்கே தெருநாய்களிடமிருந்து வெறிநோய் தொற்றுகிறது; இனக்கலப்பும் நேர்கிறது. புணே வட்டாரத்தில் ஓநாய்-நாய்க் கலப்பினம் இருப்பது மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது.

எனவே ஓநாயைக் காப்பது யார் கையில் இருக்கிறது என்றால், நம் கீதாரிகளைப் போலக் கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் மகாராஷ்டிரத்துத் தங்கர்கள், கர்நாடகத்துக் குருபர்கள் போன்றோர் கையில்தான். ஓநாய் எந்தப் பள்ளத்தில் குட்டி போட்டிருக்கிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். வளையை மூடிப் புகை போடவும் அவர்களால் முடியும், அதைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும் முடியும். இழந்த ஆட்டுக்கு இழப்பீடு பெற, கால்நடை மருத்துவரின் சான்று வரும்வரை அதே இடத்தில் காத்திருக்க வேண்டும் என்றால், மந்தையோடு நகர்ந்தே ஆக வேண்டியவர் என்ன செய்வார்? அவரிடம் போய் ஓநாயின் அருமையைப் பற்றி உரை நிகழ்த்துவது நியாயமாகாது. கிடையருகிலேயே இழப்பைப் பதிவு செய்து உடனே பணம் வழங்குவதும், இரவில் வலைப்பட்டி அமைக்க உதவுவதும், நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், வளைகளைக் கண்காணிக்கும் பணியில் அவர்களையே ஊதியத்துடன் அமர்த்துவதும்தான் அங்கே பொதுக்கல்வியின் முதல் பாடமாக இருக்க முடியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஓநாய்த் தாக்குதல் பற்றிய செய்தியை வெளியிடும்போது, அது சோதனையில் உறுதியானதா, ஊராரின் ஊகமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நாயும் நரியும் சிறுத்தையும் செய்பவை ஓநாயின் பெயரில் பதிவாகும் வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும், குட்டிகள் வளரும் குளிர்காலத்தில், இந்தப் புல்வெளிகளில் பணியாற்றும் ஆய்வாளர்களையும் மேய்ப்பர்களையும் சந்தித்து உங்கள் செய்தியாளர்கள் விரிவாக எழுதவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தருமபுரி.